கட்டை விரலில் இருந்த என் படம்

எனக்கு வயசு எழுபத்தி மூணு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். நான் பெத்தது நாலு. என் கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததில் என் இடுப்புக்கு வந்தது ரெண்டு. ஆறு பேரில் ஒருத்தரும் கிணத்தில் விழவில்லை, ரோட்டில் அடிபடவில்லை, திருவிழாக் கூட்டத்தில் தொலையவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

இப்ப ஏழாவதாக என் இளைய மகள் பெத்த பேத்தி. ஏழு வயசு முடிஞ்சு எட்டு நடக்கிறது, ரெண்டாம் வகுப்பு. மகள் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போகிறாள். மருமகன் டவுனில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். ரெண்டு பேரும் காலையில் வண்டியை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திருநகர் திரும்புவார்கள். அதுவரைக்கும் பிள்ளை என் பொறுப்பு.

நான் மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். இது பேத்தி போன வருஷம் பாதியில் விட்ட நாலு கோடு நோட்டு, பென்சிலும் அவளதுதான். இதை நான் ஒரு விரலுக்காக எழுதுகிறேன். அந்த விரல் எனக்கு எப்படிக் கிடைச்சது, எப்படிப் போச்சு என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் ஆறு பிள்ளைகளையும் நான் பத்திரமாக வளர்த்தது ஒரே ஒரு ஆளை வைத்துத்தான். பிள்ளை பிடிக்கிறவன். தோளில் சாக்கு, சிவந்த கண்ணு, பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவான். ரோட்டுக்கு ஓடினால் அவன் வருவான், சோறு திங்காவிட்டால் அவன் வருவான். அவனை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆறு பேரையும் அவன்தான் எனக்கு வளர்த்துக் கொடுத்தான். பேத்திக்கும் அவனையே கூப்பிட்டேன். அவள் முதலாம் வகுப்புப் போன சில மாதத்திலேயே கேட்டாள்.

"அம்மாச்சி, அவன் சாக்கோடதான் வருவானா?"

"ஆமா."

"சாக்கு இல்லாம வந்தா எப்படித் தெரியும்? எங்க மிஸ்ஸு, முகத்தப் பாத்து ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க."

வாயை மூடிக்கிட்டு சோத்தைத் தின்னு என்று சொல்லிவிட்டேன்.

அந்த மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயசு இருக்கலாம். டவுனுக்குள்ளே பழைய தெருவிலிருந்து தலையில் முக்காட்டோடு ஸ்கூட்டியில் வருவாங்க. மெலிஞ்ச உடம்பு, ஆனால் குரல் வாசல் வரைக்கும் கேட்கும். ஒண்ணாம் வகுப்பிலிருந்து அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரெண்டாம் வகுப்புக்கு வந்திருக்காங்க. பிள்ளையைச் சாயங்காலம் கூப்பிடப் போகும்போது நான் கொஞ்சம் முன்னாடியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். ஜன்னல் வழியாக உள்ளே நடக்கிறது தெரியும்.

ஒருநாள் பெஞ்சையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. என்னடா பள்ளிக்கூடம் என்று பார்த்தால், அழகர் ஆத்தில் இறங்குகிற கூட்டமாம். நாலு பையன்கள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதுதான் சாமி. நடுவில் ஒரு பிள்ளை தொலைந்துபோக வேண்டும். தொலைந்த பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். அங்கேயும் இங்கேயும் ஓடக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். போலீஸ் நின்றால் அவரிடம், இல்லையென்றால் பிள்ளைகுட்டியோடு வந்திருக்கிற ஒரு அம்மாவிடம், தன் பேரும் அப்பா பேரும் போன் நம்பரும் சொல்ல வேண்டும். என் பேத்தி சாமிக்கு முன்னாடி குடை பிடிக்கிறவளாக இருந்தாள். தொலையச் சொன்னதற்கு, முடியாது, குடையை யாரு பிடிப்பா என்று கேட்டிருக்கிறாள்.

இன்னொரு நாள் டீச்சர் கையில் ஒரு காலுறையை மாட்டி அதற்கு பொத்தானில் கண்ணு வைத்திருந்தாங்க. அது பேசியது. "பாப்பா, நான்தான் உங்க மாமா. அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாக. வா, ஐஸ் வாங்கித் தாரேன்." எங்கள் பக்கம் ஆட்டோக்காரரும் மாமா, தண்ணிக் கேன் போடுகிறவரும் மாமா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் மாமா. பிள்ளைகளுக்கு அந்நியர் என்று ஒருத்தர் எங்கே இருக்கிறார்? அதனால் டீச்சர், தெரியாதவங்களோடு போகாதே என்று சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டு வார்த்தை என்று ஒன்று சொல்லிக்கொடுத்தாங்க. வீட்டில் உள்ளவர்களும் பிள்ளையும் சேர்ந்து ஒரு வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும். கூப்பிட வருகிற மாமா அதைச் சொன்னால்தான் கூடப் போகலாம். காலுறை மாமா முழித்துக்கொண்டு, "வார்த்தையா? அது வந்து, இட்லி?" என்றது. பிள்ளைகள் எல்லாம் "இல்ல" என்று கத்தின. எங்கள் வீட்டு வார்த்தை என்ன என்று நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பேத்தி என்னைச் சும்மா விடமாட்டாள்.

அப்புறம் வட்டம். சாக்பீஸால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு பிள்ளை நடுவில் நிற்கும். வருகிறவர் கோட்டில் நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும். பிள்ளை "வா" என்றால் உள்ளே வரலாம். "வேண்டாம்" என்றால் திரும்பிவிட வேண்டும், மூஞ்சியைத் தூக்கக்கூடாது. வேண்டாம் என்பதை முனகக்கூடாது, வயித்திலிருந்து சொல்ல வேண்டும். வகுப்பு மொத்தமும் வயித்தில் கையை வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொன்னபோது மரத்தில் இருந்த காக்காய் பறந்துபோச்சு. பேத்தி வீட்டுக்கு வந்து கூடத்திலும் வட்டம் போட்டாள்.

"அம்மாச்சி, கேட்டுட்டு வா."

"என் வீட்டுல நான் யாருகிட்டடி கேக்கணும்?"

"வீடு உன்னோடது. வட்டம் என்னோடது."

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். வா என்றாள். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

கடைசியாக அந்தக் கை. பிள்ளைகள் தங்கள் கையைப் பேப்பரில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வரைய வேண்டும். அஞ்சு விரலிலும் அஞ்சு பேர் படம். பயமாக இருந்தால், யாராவது தொட்டது பிடிக்காவிட்டால், யாராவது இதை வீட்டில் சொல்லாதே என்று சொன்னால், அதைப் போய்ச் சொல்வதற்கு அஞ்சு பேர். மாதத்துக்கு ஒருக்கா புதுசாக வரைய வேண்டும். பேத்தி வரைந்து வந்ததில் ஆள்காட்டி விரலில் அம்மா, நடுவிரலில் அப்பா, மோதிர விரலில் மிஸ்ஸு, சுண்டு விரலில் கீழ் வீட்டு அக்கா. கட்டை விரலில் நான். மூக்குத்தியை என் மூஞ்சி அளவுக்கு வரைந்திருந்தாள்.

"என்னைய ஏன்டி கட்டையா வரைஞ்ச?"

"கட்டை விரல் இல்லேன்னா பென்சில் பிடிக்க முடியாதுல்ல அம்மாச்சி."

அந்தக் கையை பிரிட்ஜில் ஒட்டிவைத்தோம். பால் போடுகிறவர், பூக்காரம்மா, கீழ் வீட்டுக்காரி, வந்த ஒருத்தரையும் நான் விடவில்லை. எல்லாருக்கும் காட்டினேன். ஆறு பிள்ளை வளர்த்ததற்கு எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. இது மாலை மாதிரி இருந்தது.

இந்தப் பெருமையோடுதான் காதுகுத்துக்குப் போனோம்.

பேத்திக்கு மூணு வயசில் குத்தியிருக்க வேண்டிய காது. குடும்பத்தில் அடுத்தடுத்து ரெண்டு சாவு விழுந்து தள்ளிப்போச்சு. கொட்டாம்பட்டி பக்கம் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். மடி மாறக்கூடாது. தாய்மாமன் என் மூத்த மகன். அந்த ஊரிலேயே விவசாயம் பார்க்கிறவன். தங்கச்சி பிள்ளை என்றால் உசிரு. மேளத்தோடு இருபத்தொரு தட்டுச் சீர் எடுத்து வந்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் தப்பாக நினைக்கக்கூடாது. என் மகன் கெட்டவன் இல்லை. அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. பேத்தியைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுப் பிடிப்பான், பிடித்து கிச்சுகிச்சு மூட்டுவான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வரும். "போதும் மாமா, போதும் மாமா" என்பாள். "சிரிக்கிறா பாரு, சிரிக்கிறா பாரு" என்று இன்னும் மூட்டுவான். நாங்கள் சுற்றி நின்று சிரிப்போம். அவன் வந்ததும் வராததுமாக அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

கோயில் வாசலில் பலகை போட்டு மகன் புது வேட்டியோடு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியும் கம்பியும் எடுத்து வைத்தார். "வாங்க மருமகளே" என்று மகன் ரெண்டு கையையும் நீட்டினான். பேத்தி பட்டுப்பாவாடையோடு நின்றாள். வயித்தில் ஒரு கையை வைத்தாள். மறு கையை முன்னால் நீட்டினாள்.

"வேண்டாம்."

மேளக்காரர் அடித்துக்கொண்டிருந்த குச்சியை நிறுத்திவிட்டார். அம்புட்டுச் சத்தம்.

"என்ன தாயி, காது வலிக்கும்னு பயமா?" என்றான் மகன்.

"காது குத்திக்கிறேன். மடி வேண்டாம்."

கூட்டத்தில் யாரோ ஒரு பொம்பளை, "திருநகர்ப் படிப்புல்ல, அப்படித்தான் பேசும்" என்றாள். இன்னொருத்தி, "தாய்மாமன் மடி வேண்டாம்னா வேற யாரு மடி வேணுமாம்?" என்றாள். சிரிப்பு எழுந்தது. என் மகன் முகம் கறுத்துப்போச்சு. என் மகள் கையைப் பிசைந்தாள். நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதத்தான் இந்த நோட்டு. நான் பேத்தியின் பக்கத்தில் போய், யாருக்கும் தெரியாமல் பாவாடைக்கு மேலே தொடையில் கிள்ளினேன். நன்றாகத் திருகிக் கிள்ளினேன். "எங்க மானத்த வாங்காத. போய் உக்காரு" என்று காதுக்குள்ளே சொன்னேன்.

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். போய் உட்காரவும் இல்லை.

மகன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "என் மடி அம்புட்டுக் கசக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டுப் புளியமரத்தடிக்குப் போய்விட்டான். மருமகன் பின்னாலேயே போய், "மச்சான், சின்னப் பிள்ள மச்சான்" என்று கெஞ்சினது கேட்டது. கிடா வெட்டினது வெட்டினதுதான், பந்தி நடந்தது. காது குத்தாத காதுகுத்து விருந்தை ஊரே தின்றது. தாய்மாமன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அடுப்படிக்குப் போனவள் பிரிட்ஜைப் பார்த்தேன். கட்டை விரல் காலியாக இருந்தது. ரப்பர் போட்டு அழுத்தி அழித்ததில் அந்த இடத்தில் பேப்பர் நைந்து அந்தப்பக்கம் தெரிந்தது. மூக்குத்தியின் ஓரம் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"தாயி, என்னைய எங்க?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "அழிச்சுட்டேன்."

"ஏன்டி?"

"நான் சொன்னேன்ல. நீ கேக்கல. சொன்னா கேக்குறவங்களத்தான் வரையணும்."

கோபமாகச் சொன்னால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மறுநாள் சண்டை போடத்தான் பள்ளிக்கூடம் போனேன். ஆறு பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு சின்னப் பொண்ணு படிப்பிக்கிறதா என்கிற கோபம். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். டீச்சர் என்னை அந்தக் குட்டி நாற்காலியில் உட்காரவைத்தாங்க. முட்டி ரெண்டும் தாடைக்கு வந்தது. அப்படி உட்கார்ந்துகொண்டு சண்டை போடுவது கஷ்டம். இருந்தாலும் போட்டேன். எங்கள் குடும்பத்தைப் பிரித்துவிட்டாய், பெரியவங்களை மதிக்காமல் பண்ணிவிட்டாய், அவளுக்கு தாய்மாமன் என்றால் யாரென்று தெரியுமா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது டீச்சர் ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தாங்க.

"இங்க வந்த பாட்டிகள்ல நீங்க மூணாவதும்மா. எங்க நன்னியே வீட்டுல எங்கூட மல்லுக்கு நின்னாங்க" என்றாங்க. நன்னி என்றால் அவங்க பாட்டி.

"அவுக கேட்டதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். பிள்ள, மாமா கெட்டவர்னு சொல்லுச்சா?"

"இல்ல."

"திட்டுச்சா?"

"இல்ல. மடி வேண்டாம்னு சொன்னா."

"அம்புட்டுத்தானேம்மா. நல்ல மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லிப் பழகுன பிள்ளதான், நாளைக்கு வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லும். நல்லவங்ககிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னா அது வேற எங்கம்மா பழகும்?"

நான் தண்ணியைக் குடித்தேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. அப்புறம் மெதுவாகக் கேட்டாங்க.

"நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில, வேண்டாம்னு சொன்னா யாராச்சும் கேட்டாங்களா?"

இந்த இடத்தை எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும். எங்கள் வீட்டுக்கு ஒருத்தர் வருவார். சொந்தக்காரர், ஊரில் மதிப்பான ஆள், வந்தால் எங்கள் அய்யா எழுந்து நிற்பார். அவர் வந்தால் நான் மாட்டுக்கொட்டத்தில் வைக்கோலுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துகொள்வேன். ஏன் என்று இங்கே எழுத மாட்டேன். எங்க ஆத்தாகிட்ட ஒருநாள் சொன்னேன், அவர் பக்கத்தில் வரவேண்டாம் என்று சொல்லு ஆத்தா என்று. ஆத்தா என் தொடையில் கிள்ளினாள். "பெரியவுகள அப்படிச் சொல்லாத" என்றாள். அதற்கு அப்புறம் நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. கட்டினவரிடம் சொல்லவில்லை. பெத்த மகள்களிடம் சொல்லவில்லை. அறுபது வருஷத்துக்கு மேலே ஆச்சு. என் ஆறு பிள்ளைகளுக்கும் சாக்கோடு வருகிறவனைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர் தோளில் சாக்கு இருந்ததில்லை, மடித்துப் போட்ட துண்டுதான் இருந்தது.

டீச்சரிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். அதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. அவங்க அந்தக் குட்டி நாற்காலி இன்னொன்றை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தாங்க. என் கையைத் தொடுவதற்கு முன்னால், "பிடிச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டாங்க. எழுபத்தி மூணு வருஷத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள். ம் என்றேன். பிடித்துக்கொண்டாங்க. "நான் நம்புறேம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னாங்க. நான் முந்தானையை எடுத்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வருகிற சத்தம் கேட்டது. எழுந்து வந்துவிட்டேன். முட்டி வலித்தது.

அந்த வாரமே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டி போனேன். மகன் முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் மண்வெட்டியை வைக்கவில்லை. வட்டம், கோடு எல்லாம் மருமகன் அவனிடம் சொல்லியிருந்தான்.

"என்ன, மருமக அனுப்புனாளாக்கும்? கோட்டுக்கு அந்தாண்டயே நிக்கணுமா நானு?"

"ஆமா. கோட்டுலதான் நிக்கணும்."

"ஏம்மா, நான் என்ன பண்ணிட்டேன் அவள?"

"கிச்சுகிச்சு மூட்டுன. போதும்னா. நீ நிறுத்தல."

"சிரிச்சாளேம்மா."

"உங்க சித்தப்பன் உன்னைய மூட்டுவானே, அப்ப நீயுந்தான் சிரிச்ச. அவன் சைக்கிள் சத்தம் கேட்டா நீ எங்க போவ?"

மகன் மண்வெட்டியால் மடையை அடைத்தான். "குதிருக்குப் பின்னாடி" என்றான். மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். "அம்புட்டுக் கூட்டத்துல சொன்னாம்மா. அதான்." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் சொல்லக்கூடிய பிள்ளை நம் வீட்டில் ஒன்றாவது பிறந்திருக்கு என்று சொன்னேன். அவனுக்கு அது புரிந்ததோ என்னவோ, ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தான்.

காதுகுத்தை அடுத்த மாதம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வைத்தோம். மேளம் இல்லை, பந்தி இல்லை. ஆசாரியையும் சேர்த்து ஆறு பேர். பேத்தி நடுக் கூடத்தில் வட்டம் போட்டு நின்றுகொண்டாள். என் மகன், அம்பது வயசு ஆம்பளை, கோட்டில் வந்து நின்றான்.

"மருமகளே, வரலாமா?"

"கிச்சுகிச்சு?"

"மாட்டேன்."

"தூக்கிப் போடுறது?"

"அதுவும் மாட்டேன். உங்க மிஸ்ஸு மேல சத்தியம்."

பேத்தி யோசித்தாள். மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆசாரி, "சீக்கிரம் உத்தரவு குடு தாயி, எனக்கு இன்னொரு வீட்டுக் காது பாக்கி இருக்கு" என்றார்.

"சரி, வாங்க. ஆனா கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்."

மகன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவளே போய் அவன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி ஏறினபோது வீல் என்று கத்தி, கட்டியிருந்த அவன் கையை அவளே பிரித்து எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணும் கலங்கிப்போச்சு. ஊசி அவளுக்கா எனக்கா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே துடைத்துக்கொண்டான்.

அந்த மாதக் கையில் சுண்டு விரல் என் மகனுக்குக் கிடைத்தது. கீழ் வீட்டு அக்கா காலேஜுக்கு வெளியூர் போய்விட்டதால் இடம் காலி என்று விளக்கமும் சொன்னாள். கட்டை விரலில் ஒன்றும் இல்லை.

நானும் பொறுத்துப் பார்த்தேன். பிடிச்ச பணியாரம் சுட்டேன், தலை பின்னும்போது வலிக்காமல் பின்னினேன். மனசுக்குள்ளே நூறு தரம் சொன்னேன், தப்புதான் தாயி, அம்மாச்சி கிள்ளினது தப்புதான் என்று. வாய்க்கு வரவில்லை. யாரிடமும் தப்பு என்று சொல்லிப் பழகாத வாய் இது. மாமியாரிடம் சொன்னதில்லை, கட்டினவரிடம் சொன்னதில்லை. பணியாரத்தைத் தின்றுகொண்டே பேத்தி கேட்டுவிட்டாள்.

"அம்மாச்சி, நீ என்னமோ சொல்ல வார, அப்புறம் சொல்லாமப் போற. ஏன்?"

"வாய் வரமாட்டேங்குது."

"அப்ப எழுது. எங்க வகுப்புல பெட்டி இருக்குல்ல. வாயால சொல்ல முடியாதவங்க எழுதிப் போடலாம். எழுதத் தெரியலேன்னா வரையலாம். மிஸ்ஸு டெய்லி தொறந்து பாப்பாங்க."

அந்தப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். செருப்பு வாங்கின அட்டைப் பெட்டி, மேலே ஒரு கீறல், சுற்றி மினுக்குத் தாள். அதில் என்னென்ன விழும் என்று ஒருநாள் டீச்சரைக் கேட்டேன். பெரும்பாலும் அவன் என் பென்சிலை எடுத்தான், இவள் என்னோடு டூ விட்டாள் என்பதுதான் என்றாங்க. எப்பவாவது ஒன்று வேற மாதிரி விழும், அந்த ஒன்றுக்காகத்தான் தினமும் திறக்கிறேன் என்றும் சொன்னாங்க.

என் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரம்பு இருந்தது, மணி இருந்தது. அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் நான் மூணாம் வகுப்பு எழுத்தில் ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன். யாராவது திறந்திருப்பார்கள். பேத்தியின் டீச்சருக்கு நான் எப்படிக் கடன் தீர்க்கப் போகிறேன் என்று தெரியவில்லை. முருங்கைக்காயில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்க வீட்டில் எல்லாருக்கும் பிடிக்குமாம், நன்னிக்கு ரொம்பப் பிடிக்குமாம். பேத்திக்கு மட்டுமா அவங்க சொல்லிக்கொடுத்தாங்க? குட்டி நாற்காலியில் உட்கார்ந்த எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. நான் போகிற வரைக்கும் அவங்களை நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ஆக, இது நான் பெட்டியில் போடுகிற சீட்டு. நோட்டு மொத்தமும் கீறலுக்குள் போகாது, அதனால் நேராகவே கொடுக்கிறேன். தாயி, அம்மாச்சி உன்னைக் கிள்ளினது தப்பு. நீ சொன்னதைக் கேட்காமல் போனது அதைவிடப் பெரிய தப்பு. என் ஒம்பது வயசில் நடந்ததை நீ வாசிக்கும்போது புரியாவிட்டால் நிறுத்து. புரிகிற மாதிரி சொல்ல எனக்கு வருமா என்று தெரியாது, ஆனால் கேட்டால் சொல்வேன். ஒளிக்க மாட்டேன்.

இந்த மாதக் கை வரைந்தாச்சு. பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. நாலு விரலில் ஆள் இருக்கு. கட்டை விரலை ஏன் இன்னும் சும்மா வைத்திருக்கிறாய் என்று நேற்றுக் கேட்டேன். "நீ எழுதி முடி. வாசிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள்.

எழுதி முடிச்சுட்டேன் தாயி. கலர் பென்சிலைக் கீழே வச்சுட்டு வா. பக்கத்துல உக்காரலாம்னா உக்காரு, இல்லேன்னா அங்கயே இருந்துக்க. முதல் பக்கத்துலேருந்து சத்தமா வாசி. அம்மாச்சி கேக்குறேன்.